பைக்குள் திரும்பிய வில்லை

பல்பு கம்பெனியில் பரிசோதனை மேஜைக்குப் போக வேண்டுமென்றால் கணக்குப் பரீட்சையில் தேற வேண்டும். நான் இரண்டு முறை கோட்டை விட்டவள். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அதுவும் போனால் ஓய்வு பெறும் வரை அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டியதுதான். மேஜைக்காரர் லீவு போட்டால் மட்டும் என்னை அங்கே உட்கார வைப்பார்கள். அன்றைக்கு மட்டும் நான் கெட்டிக்காரி.

பரீட்சைக்கு முந்தின நாள் மாலை நாத்தனாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு படித்தேன். அவள் தையல்காரி, பள்ளியில் கணக்கில் புலி. பெட்டியில் பத்து பல்பு, அதில் மூன்று எரியாதவை. பார்க்காமல் இரண்டை எடுத்தால் இரண்டுமே எரிய நிகழ்தகவு என்ன என்பது கேள்வி. பத்தில் ஏழை அதே பத்தில் ஏழால் பெருக்கி, நூற்றில் நாற்பத்தொன்பது என்று எழுதினேன். விடைப் பக்கத்தில் பதினைந்தில் ஏழு என்றிருந்தது.

“புக்குதான் தப்பு,” என்றேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும்.

“ஆமா அண்ணி, அச்சடிச்சவனுக்கு உங்க மேல என்ன பகையோ!” என்று சொல்லிக்கொண்டே அவள் ஏழு வெள்ளைப் பட்டன்களையும் மூன்று கறுப்புப் பட்டன்களையும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினாள். “ரெண்டு எடுங்க.”

ஒன்றை எடுத்தேன், வெள்ளை. டப்பாவுக்குள் போட்டுவிட்டு மறுபடி கையை விட்டேன்.

“எதுக்குத் திருப்பிப் போட்டீங்க?”

“எங்க மேஜைல அப்படித்தான். ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண் போட்ட வட்ட வில்லைங்க ஒரு பையில இருக்கும். ஒண்ணை எடுத்து, பெட்டியில அந்த எண் குழியில இருக்கிற பல்பை எரிய விட்டுப் பாக்கணும். வில்லையை உடனே பைக்குள்ள போட்டுடணும், தொலைஞ்சா சூப்பர்வைசர் உயிரை எடுத்துடுவாரு. அப்புறம் ரெண்டாவது. ரெண்டும் எரிஞ்சா பெட்டி பாஸ்.”

“அதே எண் மறுபடி வந்தா?”

“அதே பல்பை மறுபடி...”

சொல்லி முடிக்க முடியவில்லை. எரிந்த பல்பையே இன்னொரு தடவை எரியவிட்டு, ‘நல்ல பெட்டி’ என்று எத்தனை முறை முத்திரை குத்தியிருக்கிறேன்! நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நான் பென்சிலை எடுத்தேன். எடுத்ததை வெளியே வைத்தால் மிச்சம் ஒன்பது, அதில் எரிவது ஆறுதான்; பத்தில் ஏழை ஒன்பதில் ஆறால் பெருக்கினால் பதினைந்தில் ஏழு. மூன்று கெட்ட பல்பு உள்ள பெட்டிகள் x வருவதாக வைத்துக்கொண்டேன். எங்கள் வழியில் நூற்றுக்கு நாற்பத்தொன்பது தேறிவிடும், சரியான வழியில் பதினைந்துக்கு ஏழு. கழித்தால் 7x/300. அதாவது அப்படிப்பட்ட முந்நூறு பெட்டிக்கு, சராசரியாக ஏழு கூடுதலாகத் தப்பிக்கிறது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, அடுப்படிப் பக்கம் உட்கார்ந்து கோடு கிழித்ததோடு சரி. ஆனால் அந்த x-க்குள் நான் ஒட்டிய பெட்டியும் இருந்தது, அடுத்த வருடம் ஒட்டப்போகிற பெட்டியும் இருந்தது. இன்னும் ஊதப்படாத கண்ணாடியைப் பற்றி ஓர் எழுத்து உண்மை பேசுகிறது! இவ்வளவு பெரிய விஷயத்தையா நான் பள்ளியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கடந்து வந்தேன்?

பரீட்சையில் அதே மாதிரிக் கணக்கு வந்தது. பதினைந்தில் ஏழு என்று எழுதினேன். அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். வில்லைப் பை விவகாரத்தையும் முந்நூறுக்கு ஏழையும் கீழே எழுதினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். கம்பெனியையே குறை சொன்னவளுக்கு மேஜையா கொடுப்பார்கள்?

மூன்றாம் நாள் மேலாளர் கூப்பிட்டார். அவர் முன்னால் என் விடைத்தாள்.

“இந்தக் கேள்வியை எழுதினது யாரு தெரியுமா?”

“தெரியாது சார்.”

“நான்தான். அந்தப் பையைக் கொண்டுவந்து வச்சதும் நான்தான். பன்னெண்டு வருஷமா ரெண்டையும் சேத்து யோசிச்சதே இல்லம்மா.”

அவர் எழுந்து முன்னால் நடந்தார். பரிசோதனை மேஜைக்கு வந்து நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். உட்கார்ந்து ஒரு வில்லையை எடுத்தேன். நான்காம் குழிப் பல்பு எரிந்தது. வில்லையைப் பைக்குள் போடாமல் வெளியே வைத்தேன்.

மேலாளர் குனிந்து பைக்குள் எட்டிப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

“ஒன்பதுதான் இருக்கு,” என்றார்.