அடைத்த வடிகால்

"அந்த மண்ணணைய இன்னிக்கே வெட்டி விடுங்கப்பா."

கேட்கவே கூடாது என்று அம்மா மூன்று வருடமாகச் சொல்லிவந்ததை, தேநீருக்காகத் தரையில் விரித்த துணியருகே உட்காரும் முன்பே கேட்டுவிட்டேன். அம்மா ரொட்டி பிய்ப்பதை நிறுத்தினாள். அப்பா டீ குடிப்பதை நிறுத்தவில்லை.

"பட்டம் வாங்குனவ நின்னுக்கிட்டுதான் பேசுவா போல. உக்காருடி, டீ ஆறுது."

எங்கள் பருத்தி வயலின் ஓரமாக வடிகால் போகிறது. வயல்களின் உப்புத்தண்ணீரை இழுத்துக்கொண்டு போவதற்காக வெட்டியது. நான்கு வருடத்துக்கு முன்னால் வாய்க்காலில் தண்ணீர் வராத கோடையில், அப்பா அதில் பழைய டிராக்டர் டயர்களைப் போட்டு மண் தள்ளி அடைத்தார். தேங்கிய தண்ணீர் அடியிலிருந்து ஊறி வேர்களை நனைத்தது. எங்கள் நுக்குஸ் நகரத்துப் பக்கம் எல்லோருடைய பருத்தியும் கருகியபோது எங்களுடையது மட்டும் காய்த்தது. ஊர் அவரைக் கெட்டிக்காரர் என்றது. அடுத்த வருடம் இன்னும் நான்கு பேர் அடைத்தார்கள்.

தண்ணீரை வெயில் குடித்துவிடும், உப்பு நிலத்திலேயே தங்கும். இது யாருக்கும் தெரியாததல்ல. எங்களுக்கு மேல்பக்கம் பெரியப்பா தாஜிபாயின் நிலம், எங்கள் அணையால் வடிய வழியில்லாமல் இந்த ஜூலையில் பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. நடந்தால் மொறுமொறுக்கிறது. அவர் வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்கு உப்பு ஏறி, விரல் பட்டால் செங்கல் உதிர்கிறது.

நான் நீர்வள அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வயல்களில் புதைத்த குழாய்களுக்குள் அளவுநாடாவை விட்டு, நிலத்தடி நீர் எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்று எழுத வேண்டும். இரண்டு மீட்டருக்குக் கீழே நிற்க வேண்டும். பெரியப்பா வயலில் அறுபது சென்டிமீட்டர். அப்பாவின் அணை வெளியே தெரியாமலிருக்க, மூன்று வருடமாக நான் இரண்டு மீட்டர் என்றே எழுதினேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். படித்துவிட்டு வந்து செய்த வேலை இது.

"பெரியப்பா நிலம் செத்துப்போச்சுப்பா."

"அது எப்பவுமே நோஞ்சான் நிலந்தான். மார்ச்சுல ரெண்டு தடவ தண்ணி கட்டி உப்பக் கழுவச் சொல்லு."

"கழுவுன தண்ணி எங்க போவும்? நீங்கதான் அடச்சு வச்சிருக்கீங்களே."

"மெதுவாடி, பெரியப்பா வீட்டுக்குக் கேக்கும்," என்றாள் அம்மா.

"அவருக்குத் தெரியாததா?"

"தெரியும்," என்றார் அப்பா. "தெரிஞ்சும் எங்கண்ணன் ஒரு வார்த்த கேக்கல. நீதான் கேக்குற."

பெரியப்பா எப்படிக் கேட்பார்? அடைத்த நான்கு பேரில் அவரும் ஒருவர். அவருக்கு மேலே இருப்பவன் நிலமும் வெளுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

"இப்ப காய் பிடிக்கிற நேரம். வெட்டுனா பத்து நாள்ல காஞ்சிரும். அரசாங்கத்துக்குத் தர்றதா ஒத்துக்கிட்ட பருத்தி கொறஞ்சா நிலத்தப் புடுங்கிருவாங்க. உன் தம்பிய கஜகஸ்தானுக்குச் செங்கல் சுமக்க அனுப்பவா?"

"நம்ம கீழ்மூலையும் வெளுத்திருக்கு. பாத்தீங்களா?"

அப்பா டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "பாத்தேன். பருத்தி எடுப்பு முடியட்டும்."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க."

"போன வருஷமும் முடிஞ்சுதுல்ல?"

அவர் சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இரவெல்லாம் வாய்க்கால் மதகில் முறைத்தண்ணீருக்குக் காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தார். அந்தக் களைப்பில் கோபத்தைக்கூட நழுவிவிடாமல் இழுத்துப் பிடித்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"காலைல எழுதிக் குடுத்துட்டேன்பா. அறுபது சென்டிமீட்டர்னு. அஞ்சு அணையையும் வரைபடத்துல குறிச்சாச்சு. வெள்ளிக்கிழமை அணைய வெட்ட எந்திரம் வரும். அதுக்குள்ள நீங்களே வெட்டிட்டா வழக்கு வராது. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அம்மா என் கையைப் பிடித்தாள். "இத்தன நாளு அளவ மாத்தி எழுதுனியே, ஒன் வேல என்னாவும்?"

"போவும். பொய்யா எழுதுனதையுஞ் சேத்துத்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

அப்பா என்னைப் பார்க்காமல், "டீயக் குடிச்சிட்டுப் போ," என்றார்.

குடிக்கவில்லை. குடித்தால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் இன்னொரு வருடம் போய்விடும். பெரியப்பாவிடமும் அவர் அணையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. கையை விடுவித்துக்கொண்டு, செருப்பை மாட்டி வெளியே நடந்தேன்.