உறையக் கூடாத மருந்து

என் நாத்தனாருக்கு நான் வைத்திருக்கும் பட்டப்பெயர் இன்ஸ்பெக்டர். எங்கள் வீட்டுக்கு வந்தால் அடுப்படிக் குழாய் சொட்டுகிறதா என்று முதலில் பார்ப்பாள், அப்புறம்தான் அண்ணனைப் பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் அவள் இதய வார்டின் தலைமை நர்ஸ். அவளுக்கு இரண்டு மாடி மேலே லேபில் மருந்து செய்கிறவள் நான். ஒரே குடும்பத்தில் சேர்த்தது போதாதென்று விதி எங்களை ஒரே கட்டிடத்திலும் சேர்த்துவிட்டது.

நான் செய்யும் மருந்து கொழுப்பால் ஆன நுண்ணிய உருண்டைகளுக்குள் அடைபட்டிருக்கும். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் உருண்டைகளை வரிசையாக நிறுத்தலாம். மாரடைப்பு வந்த இதயத்தில், புண்ணான இடத்து ரத்தக்குழாய்ச் சுவர் கொஞ்சம் கசியும். உருண்டை அந்த இடுக்கில் நுழைந்து, அங்கேயே தங்கி மருந்தை விடும். அளவு பெரிதானால் நுழையாது. ஆறு வருஷமாக என் கைக்கு அளவு தப்பியதே இல்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், சொன்னால் என்ன?

அன்று முதல் முறையாக ஒரு மனிதருக்கு அதை ஏற்ற இருந்தோம். அவர் பஸ் டிரைவர், என் வயதுதான் இருக்கும். மாரடைப்பு வந்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பது சோதனையின் விதி. அவருக்குக் கெடு மாலை நான்கு மணி. அதைத் தாண்டினால் மருந்து கிடையாது.

மூன்று மணிக்கு வார்டுக்குப் போனேன். நாத்தனார் குப்பிகளைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"பத்திரமா வெச்சிருந்தியா?" என்றேன்.

"நேத்தே ஃப்ரீசர்ல வெச்சுட்டேன். கல்லு மாதிரி ஆயிடுச்சு. காலைலதான் வெளிய எடுத்தேன். போதுமா?"

உறைந்தால் பனித்துகள் உருண்டைகளைக் கிழித்துவிடும். கிழிந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மருந்து வெளியே கொட்டிவிடும்.

"ஏத்தாதே, நிறுத்து!" என்று கத்தியே விட்டேன்.

பெரிய டாக்டர் வந்து குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு?"

"பாக்க அப்படித்தான் சார் இருக்கும். பத்து நிமிஷம் குடுங்க."

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. படியேறி ஓடி, ஒரு குப்பியைத் திறந்து அளக்கும் கருவியில் வைத்தேன். தொண்ணூறு நானோமீட்டர் காட்ட வேண்டிய இடத்தில் நானூற்று முப்பது காட்டியது. என் ஃப்ரிட்ஜில் அதே தொகுப்பில் மூன்று குப்பிகள் மிச்சமிருந்தன. ஒன்றைத் திறந்து அளந்தேன். தொண்ணூற்றொன்று. ஊசிக்கு வேண்டியது இரண்டு, கையில் இருந்ததும் இரண்டு.

அவற்றை எடுக்கும்போதுதான் லேபிளைப் படித்தேன். 'குளிரில் வைக்கவும்.' என் கையெழுத்து. உறைய விடக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. எங்கள் லேபில் யாரும் இதை உறைய வைக்க மாட்டார்கள், அதனால் அப்படி எழுத வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஊரெல்லாம் லேப் என்று நினைத்துவிட்டேன்.

நான் இறங்கி வந்தபோது டாக்டர் நாத்தனாரை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்! இதுகூடத் தெரியாதா?"

யாருக்கும் அடங்காதவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு நொடி எனக்கு இனித்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி அவளோடு போயிருக்கும். அடுத்த நொடியே என்மேல் எனக்கு அருவருப்பு வந்தது.

"அவ மேல தப்பில்ல சார். லேபிள் எழுதினது நான். உறைய விடக் கூடாதுன்னு போடல. அவ படிச்சத செஞ்சிருக்கா."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இத எழுத்துல குடுக்கணும்."

"குடுக்கறேன் சார், தாராளமா. முதல்ல என் ஃப்ரிட்ஜ்ல இருந்த இந்தக் குப்பிகள ஏத்துங்க, மணி மூணே முக்கால்."

நாத்தனார் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குப்பிகளை வாங்கி லேபிளை இரண்டு தரம் படித்துவிட்டுக் கட்டிலருகே போனாள். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்த டிரைவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் சிஸ்டர். உங்களுக்குள்ளயே இவ்வளவு குழப்பம். அந்தம்மா ஓடி வந்து நிறுத்தலேன்னா என் கதி என்ன? இத எப்படி நம்பறது?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"அவங்க எங்க அண்ணி. குப்பி தட்டுல இருக்கும்போதே நிறுத்தினாங்க, தன் தப்புன்னு எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டாங்க. இப்போ ஏத்தச் சொல்றதும் அவங்கதான். எங்க அண்ணனுக்குன்னாலும் நான் இதத்தான் ஏத்துவேன்."

டிரைவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.