துளசவ்வாவின் ஆறடி

ஆண்டு விழா முடிந்து இரண்டு நாள் ஆகிறது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கோபத்தில் எழுதினால் கூட்டி எழுதிவிடுவேன் என்ற பயம் உண்டு. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

தார்வாடில் எங்கள் பேட்டைக் கன்னட சங்கத்தில் செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணிக்கு யாப்பு வகுப்பு. பகலெல்லாம் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துவிட்டு அங்கே போய் உட்காருவேன். இந்த ஒரு வருஷமாக நாங்கள் பழகுவது பாமினி ஷட்பதி என்ற ஆறடிப் பாட்டு. மூன்று மாத்திரை, நான்கு மாத்திரை, மறுபடி மூன்று, நான்கு. ‘தகிட தகதிமி, தகிட தகதிமி’ என்று தொடையில் தட்டித் தட்டி எண்ணுவோம். முதல் அடியின் இரண்டாம் எழுத்தில் எந்த மெய்யோ, மீதி ஐந்து அடிகளிலும் அதே மெய் இரண்டாவதாக வந்து நிற்க வேண்டும்.

துளசவ்வா முப்பத்தொரு வருஷமாகச் சங்கக் கட்டடத்தைப் பெருக்குகிறவர். இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. விழாவில் அவருக்குச் சால்வை போட்டு, கண்ணாடிச் சட்டமிட்ட பாராட்டுப் பாட்டு ஒன்றும் கொடுப்பதென்று செயற்குழுவில் முடிவானது. பாட்டை எழுதி மேடையில் பாடும் பொறுப்பைச் செயலாளர் பசெட்டெப்பா எனக்குத் தந்தார். என்னால் முடியுமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

தினமும் மாலை சங்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதி முடிக்கப் பதினாறு நாள் ஆயிற்று. எனக்கு வழிகாட்டியது அவருடைய பெயர்தான். ‘அவ்வா’ என்ற மரியாதை ஒட்டை விட்டால் துளசி, சரியாக மூன்று மாத்திரை. இரண்டாம் எழுத்து ‘ள’. அதைப் பிடித்துக்கொண்டதும் பெளகு வந்தது. விடியல் என்று பொருள். களெத வந்தது; கழிந்துபோன வருஷங்கள். ஹொளெவ வந்தது, அவர் துடைத்த பிறகு மின்னுகிற தரை. ஆறடியும் அந்தப் பெயரின் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றன. மாத்திரைக் குறி போட்டு ஒன்பது முறை சரிபார்த்தேன். பத்தாவது முறை பார்க்காமல் விட்டதற்கு அன்று தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மண்டபத்துக்குப் போனேன். மேஜைமேல் சட்டம் இருந்தது. முதல் அடியில் துளசி இல்லை, ஈரண்ணா இருந்தார். கீழே, ‘இயற்றியவர்: சைலா’ என்று என் பெயர்.

ஈரண்ணா கல் குவாரி வைத்திருக்கிறவர். மண்டபத்துக்குப் புதுக் கூரை போட்டுத் தருவதாக முந்தின நாள்தான் சொல்லியிருக்கிறார். உடனே அவரைச் சிறப்பு விருந்தினர் ஆக்கிவிட்டார்கள்.

“என்ன சார் இது?”

“நேரமில்லம்மா. பேரை மட்டும்தான் மாத்தினோம். உன் பாட்டுல வேற ஒரு எழுத்தைத் தொடல,” என்றார் பசெட்டெப்பா. சலுகை செய்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

“மூணு மாத்திரை இடத்துல அஞ்சை உக்கார வச்சிருக்கீங்க. இரண்டாம் எழுத்தும் போச்சு. மத்த அஞ்சு அடியும் ‘ள’ன்னு நிக்குது, தலையில ‘ர’ன்னு இருக்கு.”

“யாரு உக்காந்து எண்ணப்போறாங்க? ஒரு இழுப்பு இழுத்துப் பாடு, சரியாயிடும்.”

“சார், ரெண்டாவது அடியில விடியக்காலம் துடைப்பம் எடுத்து வாசல் பெருக்கித் தெளிக்கிறாங்கன்னு இருக்கு. ஈரண்ணா எந்த வாசலைத் தெளிச்சார்?”

“அது உவமைம்மா! சமுதாய அழுக்கைப் பெருக்குறார்னு எடுத்துப்பாங்க.”

“மூணாவது அடியில சாவிக்கொத்தை இடுப்புல செருகியிருக்கார்.”

“வசதியானவர். நிறைய சாவி இருக்கும்.”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் பாடமாட்டேன் என்று சொன்னேன்.

“பெரிய மகாகவி! போ, நானே வாசிச்சுக்கிறேன்.”

வாசித்தார். பட்ஜெட் வாசிப்பதுபோல் வாசித்தார். ‘ஈரண்ணா’வில் தாளம் இடறி விழுந்தது, அதற்கப்புறம் எழவே இல்லை. முன்வரிசையில் எங்கள் வகுப்புக்காரர்கள் ஏழு பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் எண்ணத் தெரியும். ஒருவரும் தலை நிமிரவில்லை. கடைசியில் எல்லாரும் கை தட்டினார்கள், அந்த ஏழு பேரும் சேர்ந்துதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அந்தக் கைதட்டலில்தான்.

ஈரண்ணா புறப்பட்டுப் போய், பாதி நாற்காலி காலியான பிறகு துளசவ்வாவைக் கூப்பிட்டார்கள். புது இல்கல் சேலை கட்டிக்கொண்டு மதியத்திலிருந்தே காத்திருந்தார். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் சால்வையைக் கையில் கொடுத்தார்கள். பாட்டைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

அன்றிரவு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. என் கோபம் துளசவ்வாவுக்காகவா, உடைந்த பாட்டின் கீழே என் பெயர் நின்றதற்காகவா? யோசித்துப் பார்த்தேன். இரண்டுக்கும்தான். அதனால் கோபம் பொய்யாகிவிடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகும் வழியில் சங்கத்துக்குப் போனேன். துளசவ்வா மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் அந்தச் சட்டம்.

“ஈரண்ணா விட்டுட்டுப் போயிட்டாரா?”

“எவன் தூக்கிட்டுப் போயிருக்கான்? சால்வையும் பழத்தட்டும் மட்டும் கார்ல ஏறும். மாடிப்படிக்குக் கீழ வந்து பாரு, இருபது கிடக்கு. வருஷா வருஷம் நான்தானே பொறுக்குறேன்.” சட்டத்தைத் தூக்கிப் பார்த்தார். “கண்ணாடி நல்ல கண்ணாடி. பேரன் போட்டோ வைக்கலாம்னு பாக்குறேன்.”

“துளசவ்வா, அது உங்களுக்கு எழுதின பாட்டு.”

“தெரியும். ஜன்னல் பக்கம் உக்காந்து பதினாறு நாளா என் பேரைப் போட்டுத் தட்டிக்கிட்டிருந்தே. எனக்குக் காது இல்லையா? நேத்து அவன் வாசிச்சப்போ, கல்லு தடுக்கின மாடு மாதிரி முதல் எட்டுலயே விழுந்துச்சு.” துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். “எனக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ண? பாடு.”

பாடினேன். ஆளில்லாத மண்டபத்தில், ஓரமாகக் குவித்த குப்பைக்குப் பக்கத்தில் நின்று பாடினேன். அவர் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டார். தகிட தகதிமி. ஓர் இடத்திலும் பிசகவில்லை. எனக்கு அது போதவில்லை. நூற்றைம்பது பேர் முன்னால் கேட்டிருக்க வேண்டிய பாட்டு.

இன்று காலை அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு சொன்னேன். சரியான பாட்டைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு, ஒரு சுத்தியலும் நான்கு ஆணியும் வாங்கிப் போனேன். சட்டத்தின் பின்பலகையைக் கழற்றிக் காகிதத்தை மாற்றினேன். மண்டபச் சுவரில் புரவலர்கள் படங்கள் பதினொன்று வரிசையாக இருக்கின்றன. பன்னிரண்டாவதற்கு இடம் இருந்தது. முக்காலியில் ஏறினேன். துளசவ்வா முக்காலியைப் பிடித்துக்கொண்டார்.

சட்டத்தைச் சுவரில் வைத்து முதல் ஆணியில் இரண்டாவது அடி அடிக்கும்போது பசெட்டெப்பா வந்துவிட்டார். “யாரைக் கேட்டு மாட்டுற?”

“யாரைக் கேட்டுப் பேரை மாத்தினீங்க சார்?”

“கழட்டச் சொல்லுவேன்.”

“சொல்லுங்க. இன்னும் மூணு ஆணி இருக்கு.”

அவர் துளசவ்வாவைப் பார்த்தார். “நீயாவது சொல்லக் கூடாதா, துளசவ்வா?”

துளசவ்வா அவர் பக்கம் திரும்பவில்லை. கண்ணைச் சுருக்கிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “இடப்பக்கம் கொஞ்சம் ஏத்து, சைலா. கோணலா இருக்கு,” என்றார். பிறகு, “முப்பத்தொரு வருஷமா இந்தப் பதினொரு பேரையும் துடைச்சேன். என்னை எவ வந்து துடைக்கப்போறாளோ!” என்றார்.