ரெஜினாவின் இடம்

கடலோரத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரம், மெஸ்ஸில் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று பாயிஸா முணுமுணுத்தாள். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"சாம்பார்ல இல்ல, தண்ணியில. குளிச்சிக்கினு வந்தாகூட மேலெல்லாம் பிசுபிசுங்குது."

அந்தப் பேச்சைக் கேட்டதுமே பாயிஸாவுக்குச் சொந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் நிற்பது போல் இருந்தது. எந்த ஊர் என்று கேட்டாள். கச்சிராயபாளையம் என்றாள் அவள். பெயர் ரெஜினா. அப்பா அந்தோணிதாஸ் கரும்பு போடுகிறவர். கள்ளக்குறிச்சியில் பாயிஸாவின் அத்தா சர்புதீன் நடத்தும் மோட்டார், பைப் கடைக்கு அவர் பல வருடத்து வாடிக்கை. இரண்டு பெண்களும் அன்றே வார்டனிடம் கெஞ்சி ஒரே அறைக்கு மாறிக்கொண்டார்கள்.

கடல் உயிரியல் வகுப்பில் பாதிப் பேர் கடற்கரைக்காரர்கள். அவர்களுக்கு இந்த இருவரும் வேடிக்கைப் பொருள். "உங்க ஊர்ல கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். உப்புக் காற்றில் சைக்கிள் செயின் ஒரு மாதத்தில் துருப்பிடித்தது. காயப்போட்ட துணி காயவே மாட்டேன் என்றது. கழிமுகத்துச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி, வலை வீசி, புட்டியில் தண்ணீர் பிடித்துத் திரும்பினால் இரண்டு நாளைக்கு நகக்கண்ணில் சேற்று வாடை இருக்கும். ஆனாலும் சாயங்காலம் ஆய்வுக்கூடத்தின் பின்வாசலைத் திறந்தால் கடல்தான். சுண்டல் வாங்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்து, யாரும் தங்களைத் தேடாத ஒரு மணி நேரத்தை இருவரும் அனுபவித்தார்கள். ஊரில் அப்படி ஒரு மணி நேரம் அவர்களுக்குக் கிடைத்ததில்லை.

ரெஜினாவுக்குக் கண் கூர்மை. மைக்ராஸ்கோப்பில் மிதக்கும் தூசி போன்ற உயிர்களை மற்றவர்கள் புத்தகத்தைப் புரட்டித் தேடுவதற்குள் அவள் பெயர் சொல்லிவிடுவாள். பாயிஸா நன்றாகப் படிப்பவள். ஆனால் எதிலும் ரெஜினாவுக்கு அடுத்தபடிதான். இதைப் பற்றி அவள் வாய்விட்டுப் பேசியதில்லை. தோழியின் மார்க்கைக் கேட்டதும் முதலில் சந்தோஷமும், கொஞ்சம் கழித்து வேறொன்றும் மனதுக்குள் வந்துபோகும்.

இரண்டாம் வருடம் ஆராய்ச்சிக் கப்பலில் மூன்று வாரம் போக வகுப்பிலிருந்து இரண்டு பேரை எடுத்தார்கள். ரெஜினாவும் டென்னிஸ் என்ற தூத்துக்குடிப் பையனும். யாராவது போக முடியாவிட்டால் பாயிஸா. வீட்டில் சம்மதம் வாங்கி வரச் சொன்னார்கள். ரெஜினா அதற்காகவே ஊருக்குப் போனாள். அந்த வாரம் பாயிஸாவும் போனாள்.

சனிக்கிழமை அத்தா தொழுகைக்குப் போயிருந்தபோது அவள் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். அந்தோணிதாஸ் வந்தார். பைப் வாங்க வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். அவர் மூத்த மகன் பிரிட்டோ, ரெஜினாவுக்குப் பத்து வயதாக இருந்தபோது கோமுகி அணையில் குளிக்கப் போய் மூழ்கிப்போனவன். அதிலிருந்து அவர் அணைப்பக்கமே போவதில்லை. கடல் படிப்பு என்று மகள் சொன்னபோதுகூட, படிப்பு கட்டடத்துக்குள்தான் நடக்கும் என்று பவுலின், அவர் மனைவி, சொல்லித்தான் சமாதானம் செய்திருந்தாள்.

"பாப்பா, உங்கத்தாகிட்ட கேக்கலாம்னுதான் வந்தேன். ஆனா உனக்குத்தான் தெரியும். அந்தக் கப்பல்ல ஆபத்து எதுனா உண்டா?"

பாயிஸா கல்லாவைச் சாத்தினாள். பிறகு, போன வருடம் போன அன்புச்செல்வன் அண்ணன் அலை அடித்து வழுக்கி விழுந்து கை ஒடிந்து வந்ததைச் சொன்னாள். அது நடந்ததுதான். அந்த அண்ணன் கட்டுப்போட்ட கையோடு அடுத்த தடவையும் போவேன் என்று ஆய்வுக்கூடம் முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிந்ததை அவள் சொல்லவில்லை.

அந்தோணிதாஸ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ன கூப்ட்டா நீ போவியாம்மா?"

"நான் போமாட்டேன் மாமா. எனக்கு பயம்."

அவர் தலையாட்டிக்கொண்டு எழுந்து போனார். அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை பாயிஸா கல்லாவை விட்டு எழவில்லை. ஓடிப் போய் நிறுத்தியிருக்கலாம். கடையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ரெஜினா கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தாள். அப்பா ஒத்துக்கலை என்றாள், அவ்வளவுதான். பாயிஸாவின் பெயரை அறிவித்தபோது வகுப்பில் முதலில் கை தட்டியது ரெஜினாதான். பாயிஸாவின் அத்தா போனிலேயே போய்ட்டு வா என்று சொல்லிவிட்டார். கிளம்புகிற அன்று ரெஜினா துறைமுகப் பஸ் வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று பாயிஸா வழியெல்லாம் பேசிக்கொண்டே இருந்தாள்.

கப்பலில் முதல் மூன்று நாள் வாந்தி. நாலாம் நாள் காலை மேல்தளத்துக்கு வந்தபோது கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. தண்ணீர் மை கொட்டியது போல் கறுநீலமாகக் கிடந்தது. பறக்கும் மீன் ஒன்று தாவி வந்து அவள் காலடியில் விழுந்து துடித்தது. அவள் குனிந்து அதை எடுத்துக் கடலில் விட்டாள். வாழ்க்கையில் அதைவிடப் பெரிய காலை அவளுக்கு வாய்த்ததில்லை. அன்று மதியம் வலையில் வந்த ஓர் உயிரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. டென்னிஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ரெஜினா இருந்திருந்தால் பார்த்ததுமே சொல்லியிருக்கும் என்றான். பாயிஸா அன்று இரவு சாப்பிடவில்லை. வாந்தி என்று சொல்லிக்கொண்டாள்.

அந்தக் கப்பல் பயணத்தை வைத்து அவளுக்கு ஆராய்ச்சிப் படிப்பில் இடம் கிடைத்தது. ரெஜினா எம்.எஸ்ஸி முடித்து, ஊரில் பி.எட். படித்து, கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் அறிவியல் டீச்சராகப் போனாள். முதலில் வாரம் ஒரு முறை பேசினார்கள். பிறகு பிறந்தநாளுக்கு மட்டும். பாயிஸா ஊருக்கு வரும்போதெல்லாம் அத்தா கடையில் அவளைப் பார்த்தால் அந்தோணிதாஸ் முகம் மலர்ந்து, கடல் எப்படி இருக்கு பாப்பா என்று விசாரிப்பார். அவர் அப்படிக் கேட்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நாலு வருடம் கழித்து, ஒரு லீவில், அவள் மலைக்கு பஸ் ஏறினாள்.

பள்ளியில் ரெஜினா மரவள்ளிக் கிழங்கு அவித்து வைத்திருந்தாள். கொஞ்சம் பெருத்திருந்தாள், குரல் டீச்சர் குரலாகியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே பாயிஸா சொல்லிவிட்டாள்: உங்கப்பா கேட்டப்ப நான் பொய் சொன்னேன் என்று. மலை ஏறும்போது கோத்து வைத்திருந்த மற்ற வார்த்தைகளெல்லாம் எங்கோ போய்விட்டன.

ரெஜினா கிழங்குத் தோலைத் தட்டின் ஓரம் ஒதுக்கினாள்.

"அன்னிக்கி வூட்டுக்கு வந்ததுமே அப்பா சொன்னாரு, பாயிஸாவே பயப்படுதுன்னு. உனக்கு பயமில்லன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் என்ன கேக்கல?"

"கேட்டிருந்தா நீ இன்னா சொல்லியிருப்ப? அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒரே ரூம்ல எப்பிடி இருக்கறது?"

பாயிஸா அழுதாள். ரெஜினா அழவில்லை, தேற்றவும் இல்லை. தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கோபமெல்லாம் மலைக்கு வந்த முதல் வருடத்திலேயே தீர்ந்துவிட்டது, இந்தப் பிள்ளைகளோடு இருப்பது பிடித்திருக்கிறது, ஆனால் கடல் வேறு இது வேறு என்றாள்.

"எங்கிட்ட சொல்றத வுடு. எங்கப்பாகிட்ட போய் சொல்லு. அவுரு இன்னும் தன்னத்தான் நொந்துக்கினு கெடக்கறாரு."

மணி அடித்ததும் அவள் வகுப்புக்குப் போய்விட்டாள்.

மலையிறங்கும் பஸ் கச்சிராயபாளையத்தில் நின்றபோது பாயிஸா இறங்கினாள். அந்தோணிதாஸ் வாசலில் கட்டிலில் படுத்திருந்தார், முட்டி வலி. அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, பவுலினைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார். பாயிஸா வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"உன்ன பாத்தாலே எனக்கு ஒண்ணு தோணும் பாப்பா. நீ அன்னிக்கி பயம்னு சொன்ன. ஆனா பயந்துக்கினே போய்ட்டு வந்த. எம்பொண்ணையும் அப்பிடி பயந்துக்கினே அனுப்பியிருக்கலாம். எனக்குத்தான் மனசுல தெம்பில்லாம போச்சி."

அவள் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு பயமே இல்லீங்க மாமா. அந்த எடம் எனக்கு வேணும்னுதான் அப்பிடி சொன்னேன்."

அவர் அவளையே பார்த்தார். புரியாதவர் போல் முதலில், பிறகு புரிந்து. திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். உள்ளே டீ கொதிக்கும் சத்தம் கேட்டது. பவுலின் கிளாஸோடு வந்து, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"குடிம்மா" என்றார் அந்தோணிதாஸ்.

பாயிஸா குடித்தாள். அவர் தன் கிளாஸைத் தொடவில்லை. கள்ளக்குறிச்சி டவுன் பஸ் வரும் நேரமாகிவிட்டது என்று அவர்தான் சொன்னார். முன்பெல்லாம் யார் வந்தாலும் ரோடு வரை கூடவே வந்து பஸ் ஏற்றிவிடுகிற மனுஷன், அன்று கட்டிலை விட்டு எழவில்லை. முட்டி வலியால்தான் என்று பவுலின் சொல்லிக்கொண்டே வந்து அவளை வழியனுப்பினாள்.