நேத்துதானே சொன்னேன்

காலையில் மடிக்கணினியைத் திறந்து வேலையை விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னாள். நேற்று சாயங்காலம் வரை கூடவே உட்கார்ந்து நிரல் எழுதிய எடிட்டர் மென்பொருளின் ஏஐ, முன்பின் பார்த்திராத ஆள் மாதிரி, 'இந்தத் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா?' என்று மரியாதையாகக் கேட்டது.

ஒரு வாரமாகத் தினமும் இதே கூத்துதான். ரத்த வங்கிக்கான மென்பொருள் அது. காலாவதியாகும் நாளில் இருக்கும் ரத்தப் பையை இருப்பில் காட்டக் கூடாது என்பதில் தொடங்கிப் பதினான்கு விதிகளைக் காலையில் ஒப்பிக்க வேண்டும். இவள் ஒன்றை விட்டால் அது தப்பாக எழுதிவிடும். இவளும் விடக்கூடியவள்தான். படியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு, ஐந்து மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியவள். ஒரு மாதம் பார்க்கலாம் என்று மேலாளர் தன்மையாகத்தான் சொல்லியிருந்தார். அந்த மாதம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

அதனால்தான் நேற்று மெனக்கெட்டு, சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளும் கருவி ஒன்றை எடிட்டரோடு இணைத்தாள். எடிட்டரை மூடித் திறந்து சோதித்தபோது பதினான்கையும் பிசகாமல் சொன்னது. இன்று ஒன்றுகூட இல்லை.

"நேத்துதானே சொன்னேன்? எத்தனை தடவைதான் சொல்றது?" என்று திரையைப் பார்த்துக் கத்திவிட்டாள்.

பேருந்து ஓட்டக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர், ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு எட்டிப் பார்த்தார். "யாரத் திட்டற?"

அந்த ஒற்றைச் சாக்ஸைப் பார்த்ததும் நாத்தனார் சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், கண் விழித்ததும் "எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பாளாம். இவர் போட்டது பாதி போடாதது பாதியாகக் கட்டிலோரம் வந்து உட்கார்ந்து, ஈரப்படியிலிருந்து தையல் பிரித்தது வரை ஆதியோடந்தமாகச் சொல்வாராம். மூன்று மாதம் தினமும் நடந்தது என்று நாத்தனார் சொல்லித்தான் இவளுக்கே தெரியும். கடைசிச் சில நாட்கள் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்த நாட்களிலும் 'நேத்தே சொன்னேனே' என்று அவர் சொன்னதில்லை. இவளுக்கோ ஒரு வாரம் தாங்கவில்லை. இந்த மனுஷனுக்கு என்ன கைம்மாறு செய்வது என்று நினைத்தபோது கண் கலங்கியது.

கோபம் இறங்கியபின் அந்த நினைவுக் கருவியின் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தாள். கணினியை அணைத்தால் தானே காலியாகிவிடும் தற்காலிகக் கோப்புறையில் போய் நினைவைச் சேமிக்கச் சொல்லியிருந்தாள். பன்னிரண்டு வருஷம் இந்தத் துறையில் குப்பை கொட்டியவள் செய்கிற காரியமா இது. இடத்தை மாற்றினாள். விதிகளை முதலிலிருந்து, இந்த முறை நிதானமாகச் சொன்னாள். கணினியை அணைத்து மறுபடி போட்டாள். கேட்பதற்கு முன்பே, காலாவதி நாளில் இருக்கும் பையிலிருந்து தொடங்கியது அது. வெள்ளிக்கிழமையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

வாசலில் அவர் ஷூவோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, எனக்கு என்ன ஆச்சுன்னு எத்தனை தடவ கேட்டிருப்பேன்?"

"நீயா? எப்பக் கேட்ட?" என்றவர், குனிந்து ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தார். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.