மின்விசிறிக்கு அடியில்

எனக்குத் தலைவலி வந்தால் அண்ணிக்குக் கோபம் வரும். தையல் கடை அவளுடையது. பள்ளிச் சீருடை தைக்கும் சமயத்தில் ஒரு மெஷின் நின்றால் தாம்தூம் என்று குதிப்பாள்.

“நடிப்புக்கும் ஒரு அளவு வேணாமா? இன்னொரு தடவை படுத்தா வேற ஆள் பாத்துக்கறேன்!”

எனக்கும் ரோஷம் உண்டு. ஆனால் வேறு வேலைக்கு எங்கே போவேன்?

முதலில் துணிமேல் கோணல்மாணலாக ஒரு வெளிச்சக் கோடு ஓடும். பிறகு இடது பொட்டில் இடிக்கும், குமட்டும், பேச்சுச் சத்தமே ஆகாது. அண்ணி ஈவிரக்கம் இல்லாதவள் இல்லை. “காத்தாட உக்காரு” என்று போன மாதம் என் மெஷினை மின்விசிறிக்கு அடியில் தள்ளிப் போட்டாள். அதற்குப் பிறகு வலி அடிக்கடி வந்தது.

என் குட்டு உடையட்டும் என்று டாக்டரம்மாவிடம் அவளும் கூடவே வந்தாள். எங்கே உட்கார்ந்து தைக்கிறேன் என்று டாக்டரம்மா கேட்டார். மேலே ட்யூப்லைட், அதற்குக் கீழே மின்விசிறி, அதற்குக் கீழே நான். இறக்கை சுற்றச் சுற்றத் துணிமேல் வெளிச்சம் வெட்டி வெட்டி விழும்.

“அய்யய்யோ, நான்தானே அங்க உக்கார வச்சேன்!” என்றாள் அண்ணி.

“ஃபேன் மேல மட்டும் பழி போடாதீங்க. இது மைக்ரேன். இவங்க மூளையோட சுபாவமே அப்படி. விட்டு விட்டு அடிக்கிற வெளிச்சம், பசி, தூக்கக்கேடு எல்லாம் அதைக் கிளப்பி விடும். பரம்பரையாவும் வரும். வீட்ல வேற யாருக்காவது இருக்கா?”

“எங்கப்பாவுக்கு இருந்துச்சு.”

“நல்ல சாட்சி! செத்துப்போன மாமனாரை நான் எங்க போய்க் கேக்கறது?” என்று அண்ணி முணுமுணுத்தாள்.

மெஷின் இடம் மாறியது, மாத்திரை வந்தது, வலி குறைந்தது. “நடிப்பு” மட்டும் அவள் வாயை விட்டுப் போகவில்லை.

நேற்று அவள் மகள் கடையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

“அம்மா, புஸ்தகத்துல பாதி எழுத்தைக் காணோம். கோணலா ஏதோ மின்னுது. தலை வலிக்குதும்மா.”

“பரீட்சைன்னா போதுமே, உடனே நடிப்...”

அண்ணி நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள். தானே போய் விளக்கை அணைத்தாள்.

“இவ்ளோ வலியோடவா உன்னைத் தைக்கச் சொன்னேன்?” என்றாள்.

இந்தக் கேள்விக்காகவே சுடச்சுடப் பதில் சேர்த்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு, பாவம், அந்தப் பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“அதை அப்புறம் பேசலாம் அண்ணி. வாளியை எடுங்க, இப்ப வாந்தி எடுப்பா.”