கஜாவுக்கும் நிவாரணத்துக்கும் நான் போட்ட வயசு

முப்பத்தோரு வருஷமா மன்னார்குடி மேலராஜவீதியில டிராவல்ஸ் வச்சிருக்கேன். என் கடையில டிக்கெட் போட்டுப் போன ஒரு ஆளு ஏர்போர்ட்டோட திரும்பி வந்ததா சரித்திரமே கிடையாது. கொத்தனார், டிரைவர், சமையல்காரர், பாதி வழியில எங்க போறோம்னே மறந்துபோன ஒரு மாப்பிள்ளை, எல்லாரையும் ஏத்தி அனுப்பி, போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு போனும் வாங்கியிருக்கேன். கடைசியில இந்த சித்தீக் பேரைக் கெடுக்க ரெண்டு நாட்டு நாய் வந்து சேர்ந்துச்சு.

நாயோட பேரு கஜா, நிவாரணம். நான் வச்ச பேரில்லைங்க. கோட்டூர் ரோட்டுல இருக்கிற அம்சத்தோட பொண்ணு தமிழ்நிலா வச்சது. கஜா புயல் அடிச்ச அன்னிக்குப் பொறந்ததால மூத்தது கஜா. அதுக்கப்புறம் வந்தது நிவாரணமாம். சர்க்கார் நிவாரணம் வர்றதுக்குள்ள இந்த நிவாரணம் ரெண்டு செருப்பைத் தின்னு ஏப்பம் விட்டுடுச்சு.

அம்சம் நடவு வேலையும் அறுப்பு வேலையும் பார்த்து அந்தப் பொண்ணைப் படிக்க வச்சா. புருஷன் கண்ணுசாமி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு. பொண்ணு சென்னையில எம்.டெக். முடிச்சுட்டு, தஞ்சாவூர் பக்கம் ஒரு காலேஜ்ல பாடம் எடுத்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு ஜெர்மனியில சம்பளத்தோட ஆராய்ச்சிப் படிப்பு கிடைச்சிருக்கு. 2020 ஜனவரி பதினஞ்சாம் தேதி அங்க இருக்கணும். நல்ல சேதிதான். ஆனா பொண்ணு ஒரே பிடியாச் சொல்லிடுச்சு: நாய் ரெண்டும் வந்தா நான் போறேன், இல்லாட்டி போகல.

தாய் நாய் மூணாம் நாளே செத்துப் போச்சு. புயல் கேட்டு ஊருக்கு ஓடி வந்த தமிழ்நிலா, இங்க் ஃபில்லர்ல பால் ஊத்தி ஊத்தி இதுங்களைப் பொழைக்க வச்சது. அதைக் கேட்டப்புறம் நான் எதிர்த்துப் பேசல. பேசியும் புண்ணியமில்ல, அது அவங்கம்மா பொண்ணு.

"பாய், மனுசனுக்கெல்லாம் பேப்பர் பார்க்குறீங்க, இதுக்கும் பாருங்க"ன்னுச்சு. சென்னையில நாய்க்குன்னே ஏஜென்ட் இருக்காங்க. அந்தம்மா லிஸ்ட் அனுப்பினாங்க. நாய் ஒடம்புல அடையாள நம்பர் உள்ள சின்ன சிப்பு வைக்கணும், அப்புறம் வெறிநாய்க்கடி தடுப்பூசி, ஒரு மாசம் கழிச்சு ரத்தம் எடுத்து வெளிநாட்டு லேபுக்கு அனுப்பணும், ரத்தம் எடுத்ததுலேர்ந்து மூணு மாசம் உள்ளூர்லயே காத்திருக்கணும். நம்ம ஆளுங்க வளைகுடாவுக்குப் போறப்ப எச்சில் துப்பிக் காட்டினாலே மெடிக்கல் பாஸு. நாய்க்கு இத்தனை மரியாதை. வீட்டுல என் சம்சாரம் ஹபீபுன்னிசா, நாய் போட்டோ ஒட்டின ஃபைலைத் தொட்டதுக்கே என்னைக் கை கழுவிட்டு வந்து சோத்துக்கு உட்காரச் சொன்னா.

எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. ஆகஸ்ட் ரெண்டாம் தேதி கால்நடை டாக்டர் இராஜாங்கம் ஊசி போட்டார். செப்டம்பர்ல ரத்தம் போச்சு, ரிசல்ட்டும் வந்துச்சு. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். டிசம்பர் நடுவுல சென்னை ஏஜென்ட் அம்மா போன் பண்ணாங்க.

"சார், ஊசி புக்குல நாயோட பிறந்த தேதி யாரு எழுதினது?"

"நான்தாம்மா. கையெழுத்து எப்படி இருக்கு?"

"ஒண்ணு ஆறு பத்தொம்போதுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"ஊசி போட்டது ஆகஸ்ட் ரெண்டு. அன்னிக்கு நாய்க்கு ரெண்டு மாசம்தான் ஆகியிருக்கு. பன்னெண்டு வாரம் ஆகாத குட்டிக்குப் போட்ட ஊசி அந்த நாட்டுல செல்லாது சார். ஊசியே செல்லாதுன்னா ரத்தப் பரிசோதனையும் செல்லாது. முதல்லேர்ந்து பண்ணணும், அஞ்சு மாசமாகும்."

எனக்குத் தலையில இடி விழுந்துச்சு. இந்த வேலையை நான் எப்படிச் செஞ்சேன்னு சொல்லணும், சொன்னாத்தான் புரியும்.

எங்க பக்கத்துல பழைய ஆளுங்க பாதிப்பேருக்குப் பொறந்த நாள் ஜூன் ஒண்ணு. பள்ளிக்கூடம் தொறக்குற அன்னிக்கு அஞ்சு வயசு நிறைஞ்சிருக்கணும்னு வாத்தியார் ஒரு தேதியைப் போடுவாரு. அதுதான் சர்டிபிகேட், அதுதான் பாஸ்போர்ட், கடைசியில கண்ணீர் அஞ்சலி போஸ்டர்லயும் அதுதான். என்கிட்ட வர்ற பாரத்துல தேதி காலியா இருந்தா என் கை தானா ஜூன் ஒண்ணுன்னு எழுதிடும். வயசையும் கொஞ்சம் கம்மியாத்தான் எழுதும். வயசு கூடினா அரபு நாட்டுல வேண்டாம்பான், குறைஞ்சா வாங்கன்னுவான். முப்பது வருஷப் பழக்கம். ஊசி புக்குல அந்தக் கட்டம் காலியா இருந்துச்சு, நாயையும் நல்லா இளமையா அனுப்புவோம்னு எழுதிட்டேன். அதுலயும் பாருங்க கூத்தை. பேருன்ற இடத்துல கஜான்னு எழுதியிருக்கேன். அதுக்கு நேர் கீழ, கஜா புயலுக்கு ஏழு மாசம் கழிச்சுப் பொறந்ததா எழுதியிருக்கேன். என்னை எதால அடிக்கிறது.

அன்னிக்கே வண்டியை எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனேன். சம்பா பயிரு கதிர் விட்டு நிக்குது, ரோடு முழுக்கப் பச்சை வாசனை. நான் சொல்லி முடிச்சேன். தமிழ்நிலா புக்கை வாங்கிப் பார்த்துச்சு. நிவாரணம் என் செருப்பை இழுத்துக்கிட்டுப் போனதைக்கூட யாரும் தடுக்கல. நான் திட்டு வாங்கத் தயாரா நின்னேன், அந்தப் பொண்ணு திட்டல.

அம்சம் எனக்கு டீ கொண்டு வந்தா. அவ முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். சிரிப்பை அடக்க முடியாம முந்தானையில வாயைத் துடைச்சுக்கிட்டா. "விடுங்க பாய், தப்பு எல்லாருக்கும் வர்றதுதானே. காலேஜ் வேலை இருக்குல்ல, இங்கயே இருக்கட்டும்"னா. எனக்கு அப்பத்தான் விளங்குச்சு. நாய் போகலன்னா பொண்ணும் போகாது. என் தப்பால அம்சத்துக்கு லாட்டரி அடிச்சிருக்கு.

மறுநாள் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் தன்னோட நோட்டைப் புரட்டிப் பார்த்துட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊசி போட்ட அன்னிக்கு எடை பதினோரு கிலோ எழுதியிருக்கேன். ரெண்டு மாசக் குட்டி எந்த ஊர்ல பாய் பதினோரு கிலோ இருக்கும்? பல்லும் எல்லாம் முளைச்சிருந்துச்சு. நான் தேதியைத் திருத்தி சர்டிபிகேட் தர்றேன். ஆனா இது எந்த நாளுல பொறந்துச்சுன்னு கண்ணால பார்த்தவங்க நோட்டரி முன்னாடி சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்கணும். தப்பா எழுதினது நீங்கன்னு நீங்களும் எழுதிக் கொடுக்கணும். ரெண்டும் இருந்தா சென்னையில ஒத்துக்குவாங்க."

என்னோடதை அன்னிக்கே எழுதிக் கொடுத்துட்டேன். ஸ்டாம்ப் பேப்பர்ல கொட்டை எழுத்துல 'இந்தத் தேதியை நானே கற்பனையாக எழுதினேன்'. சாயங்காலத்துக்குள்ள ஊர் பூராத் தெரிஞ்சு போச்சு. தோஹாவுலேர்ந்து ஒருத்தன் போன் பண்ணி, "பாய், என் தேதியைப் பத்தியும் ஏதாவது எழுதிக் கொடுத்துட்டீங்களா?"ன்னு நடுங்கிக் கேட்டான். மானம் கப்பலேறிடுச்சுன்னு வச்சுக்கங்க.

இனி கண்ணால பார்த்தவங்க. அது அம்சம் மட்டும்தான். புயலன்னிக்குத் தமிழ்நிலா சென்னை ஹாஸ்டல்ல இருந்துச்சு. "நீயே பார்த்தேன்னு எழுதிடும்மா, யாருக்குத் தெரியும்?"னேன்.

"இன்னொரு பொய்யா பாய்?"ன்னு கேட்டுச்சு.

அம்சத்துக்கிட்ட போனேன். அவ முறத்துல உளுந்து புடைச்சுக்கிட்டு நிமிரவே இல்ல.

"எனக்கு ஞாபகமில்ல பாய்."

"புயலு ஊரையே புரட்டிப் போட்டுச்சு, ஞாபகமில்லையா?"

"புயல் ஞாபகமிருக்கு. நாய் ஞாபகமில்ல."

"அம்சம், இது உன் பொண்ணோட வாழ்க்கை."

"என்னது மட்டும் என்னவாம்? அவளும் போயி, குலைக்கிறதுக்கு ஒரு நாயும் இல்லாம, இந்த வீட்டுல நான் யார் மூஞ்சியைப் பார்க்குறது? சொல்லுங்க." ஒரு பேச்சுக்கு நாலு பேச்சு பேசுறவன் நான், கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.

டிசம்பர் இருபத்தெட்டுக்குள்ள பேப்பர் அனுப்பணும்னு சென்னை அம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. இருபத்தாறும் போச்சு. இருபத்தேழு காலையில கடையைத் தொறக்கிறேன், படியில அம்சம் உட்கார்ந்திருக்கா. நல்ல புடவை கட்டியிருந்தா, தலை வாரியிருந்தா, கையில ஆதார் கார்டு.

"நேத்து அவ போன்ல ஏதோ அடிச்சுக்கிட்டு இருந்தா பாய். இங்கிலீசு, எனக்கென்ன தெரியும். ஆனா அழுதுக்கிட்டே அடிச்சா. வரலன்னுதானே எழுதியிருப்பா?"

"அப்படித்தான் இருக்கும்."

"அனுப்பல. அடிக்கிறா, அழிக்கிறா, அடிக்கிறா. காலையில எழுந்து, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு, போயிட்டு வர்றேம்மான்னு பஸ்ஸுக்கு ஓடுறா. பத்து நாளா என்கிட்ட ஒரு வார்த்தை கோவமாப் பேசல பாய். கோவப்பட்டிருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்."

நோட்டரி கலந்தர் ஆபீஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். கலந்தர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, "அந்த நாள் உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமாம்மா?"ன்னு கேட்டார்.

"2018 நவம்பர் பதினாறு, வெள்ளிக்கிழமை, விடியறதுக்கு முன்னாடி. கொட்டகை ஓடு பறந்துச்சு. நாய் வவுத்தைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்துச்சு. என் பழைய புடவையைத்தான் விரிச்சேன். ஆறு குட்டி. முதல்ல கஜா, ரெண்டாவது நிவாரணம், அப்புறம் வந்த நாலும் விடியறதுக்குள்ள போயிடுச்சு. இந்த ரெண்டையும் என் மடியிலதான் வச்சிருந்தேன். கரண்டு இல்ல, கதவு இல்ல, நானும் அதுங்களும்தான்."

ஞாபகமில்லன்னு சொன்ன பொம்பளை. கலந்தர் எழுதினார், டைப் அடிச்சு வாங்கினார், முழுசாப் படிச்சுக் காட்டினார். பேனாவைக் கையில கொடுத்ததும் அம்சம் கையெழுத்து போடுற இடத்தை விரலால தடவிப் பார்த்தா. எழுத்துக் கூட்டி அறிவொளி வகுப்புல கத்துக்கிட்ட கையெழுத்து அவளோடது, ஒரு எழுத்துக்கு ஒரு நிமிஷம் ஆகும்.

"அவசரமில்லம்மா, யோசிச்சே போடுங்க"ன்னு கலந்தர் சொன்னார்.

"யோசிக்க என்ன இருக்கு. போனா மூணும் திரும்பி வராது. தெரிஞ்சுதான் போடுறேன்"னுட்டு, அம்சம் குனிஞ்சு 'அ' எழுத ஆரம்பிச்சா.